மலையிலிருந்து வாங்கிவந்த அசேலியா குமரியில் ஏன் படுத்துக்கொள்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் எனக்கு வாட்ஸப்பில் செடிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்கியதோடு நில்லாமல், இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கிய ஒரு அசேலியாவையும் மடியில் வைத்து நாகர்கோவில் வரை கொண்டுவந்திருப்பார்கள். மூன்றாவது வாரம் படம் வரும், நான்காவது வாரம் மொட்டைக் குச்சிப் படம் வரும். எங்கள் வீட்டில் இது தொடங்கியது மைனியிடமிருந்துதான். ஒரு நாள் காலையில் போன் போட்டு, “தம்பி, செடி தலை தொங்கிப்போச்சு, இன்னும் ரெண்டு கப்பு வெள்ளம் விடட்டா?” என்று கேட்டார். நானும் விவரம் தெரியாமல் விடச் சொன்னேன். அந்தச் செடி செத்தது அந்த இரண்டு கப்பால்தான் என்று பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் நான் வளர்த்தும் கொன்றும் கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பத்திக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்த மூன்று பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அசேலியா என்பது ரோடோடென்ட்ரான் பேரினத்துக்குள் ஒரு கூட்டம். 1753-ல் லின்னேயஸ் இரண்டையும் வேறு வேறு பேரினமாகத்தான் எழுதினார், பிற்பாடு ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். எரிக்கேசி குடும்பம், அதாவது புளூபெர்ரியின் சொந்தக்காரர். தொட்டியில் விற்கிற வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாய் ரோடோடென்ட்ரான் சிம்சி என்கிற காட்டுப் புதர். தென்சீனா, தைவான், மியான்மர், தாய்லாந்து மலைச்சரிவுகளில் தானாக வளர்ந்து சிவப்பாகப் பூப்பது. அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், குறிப்பாகப் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பக்கம், கலப்பு செய்து செய்து இன்றைய அடுக்குப்பூ அசேலியாக்களை உண்டாக்கினார்கள். நம் மலைகளிலும் இதற்கு ஒரு பெரியப்பா உண்டு. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் குளிர்காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. அதன் இன்னொரு கிளை இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கடல்மட்டத்தில் வேர்த்துக்கொண்டு நாம்.

இந்தக் குடும்பத்தின் வேர்தான் எல்லாக் கதைக்கும் காரணம். மயிரைவிட மெலிதான வேர்கள், மேல்மண்ணில் நாலைந்து விரல்கடை ஆழத்துக்குள் பாய்விரித்ததுபோல் பரவும், வேர்த்தூவி கிடையாது, காட்டில் ஒருவகைப் பூஞ்சை அந்த வேருக்குள் குடியிருந்து உணவு பிடித்துக் கொடுக்கும். இப்படிப்பட்ட வேருக்கு மூன்று விஷயம் ஆகாது: சுண்ணாம்பு, உப்பு, தேங்கிய தண்ணீர். மண்ணின் பி.எச்., அதாவது அமிலத்தைக் காட்டுகிற எண் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்), 4.5-லிருந்து 6-க்குள் இருக்க வேண்டும், 5-லிருந்து 5.5 என்றால் உத்தமம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். “நம்ம ஊர் மண்ணு சரியில்லை” என்பார்கள். நம்ம ஊர் மண்ணுக்கு என்ன குறை? கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் கிடக்கிற செம்மண்ணும் சரலும் இயற்கையிலேயே அமிலம்தான். ரப்பர் விரும்புகிற மண்ணும் அதே கணக்குத்தான். அதைக் கெடுப்பது நாம் வைக்கிற சிமெண்ட் தொட்டி, நாம் ஊற்றுகிற போர்த் தண்ணீர், நாம் அன்பாகப் போடுகிற முட்டை ஓடு. வெயிலைத்தான் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, மற்றதெல்லாம் வீட்டுக்குள் நாமே உண்டாக்குகிற வினை. பத்துச் செடி சாகிறதென்றால் எட்டு இந்த வகையில்தான் சாகிறது. பூச்சி, நோய் என்று மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் தொட்டியைப் பாருங்கள்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

அதிகமாக வருகிற படம் இதுதான். கொழுந்து மஞ்சளாகிவிடும், நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் தெரியும், இன்னும் முற்றினால் கொழுந்து வெளிறி வெள்ளையாகி ஓரம் கருகும். இரும்புச்சத்துக் குறை என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். பி.எச். ஏறிவிட்டால் அந்த இரும்பை வேரால் எடுக்க முடியாது, அவ்வளவுதான். பந்தியில் உட்கார வைத்துக் கையைக் கட்டிப்போட்டதுபோல.

முதல் சோதனை: தொட்டியிலிருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்து அதில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு கிடக்கிறது. நுரைக்காவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம், பி.எச். ஆறரையில் நின்றுகொண்டு நுரைக்காமலும் இருக்கும். வண்ணமீன் விற்கிற கடையில் பி.எச். பார்க்கும் சொட்டு மருந்து கிடைக்கும், மழைநீரில் மண்ணைக் கலக்கித் தெளியவைத்து அதில் பாருங்கள்.

இரண்டாவது, தொட்டி எதனால் ஆனது? சிமெண்ட் என்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம். நான் இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. மழைநீர் ஊற்றினேன், கந்தகம் போட்டேன், இரும்பு தெளித்தேன், ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் பச்சையாகி மறுபடி மஞ்சளாகும். கடைசியில் செடியைத் தூக்கிப் பார்த்தால், வேர்ப்பந்து தொட்டிச் சுவரைத் தொடுகிற பக்கமெல்லாம் கருகிக் கிடந்தது. சிமெண்ட் ஒவ்வொரு நனைதலுக்கும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மண்சட்டிக்கு மாற்றின பிறகு மூன்றாவது கொழுந்து பச்சையாக வந்தது. மொட்டை மாடியில் சுண்ணாம்புத் தளத்தின்மேல் வைத்திருந்தாலும், பொங்கலுக்கு வெள்ளையடித்த மதிலின் ஓரம் வைத்திருந்தாலும் அதே கதைதான்.

மூன்றாவது, என்ன போடுகிறீர்கள்? முட்டை ஓட்டுத்தூள், அடுப்புச் சாம்பல், கடற்கரையிலிருந்து அள்ளிவந்த சிப்பி கலந்த மணல், இவையெல்லாம் ரோஜாவுக்கோ கத்தரிக்கோ சரி. அசேலியாவுக்கு அது விஷம் வைத்த மாதிரி. இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. ரப்பருக்கு மழை தொடங்கும் முன் இலையுதிர்வு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள் அல்லவா, துரிசும் சுண்ணாம்பும் கலந்தது, அதில் வாளி அடியில் மிஞ்சியதை “பூஞ்சைக்கு நல்லதுதானே” என்று பூச்சட்டி மூட்டில் ஊற்றிவிடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதில் இருக்கிற சுண்ணாம்பு போதும் ஆறு மாதத்துக்கு.

சரி, என்ன செய்வது? சுண்ணாம்பு வருகிற வழியை முதலில் அடையுங்கள், அதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது ஓட்டைக் குடத்தில் வெள்ளம் கோருவதுதான். பிறகு உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், லிட்டருக்கு 2 கிராம், கூடவே ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. பூவின்மேல் பட்டால் கறுத்துவிடும், வெள்ளைத் தரையில் சொட்டினால் துருக்கறை போகவே போகாது, வீட்டில் திட்டு வாங்குவது உங்கள் பாடு. மண்ணில் அன்னபேதியைக் கொட்டுவதில் பெரிய பயனில்லை, பி.எச். ஏறிய மண்ணில் அது சீக்கிரமே வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். மண்ணில் விட வேண்டுமென்றால் உரக்கடையில் கீலேட் இரும்பு என்று கேளுங்கள், இ.டி.டி.ஏ. வகை பி.எச். ஆறரைக்கு மேல் சரியாக நிற்காது, இ.டி.டி.எச்.ஏ. வகை நிற்கும், விலை கூடுதல். நிரந்தரத் தீர்வுக்குக் கந்தகத் தூள், எட்டு அங்குலச் சட்டிக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக, மேல்மண்ணில் கிளறிவிட்டு ஈரம் காத்தால் மண்ணிலிருக்கிற பாக்டீரியா அதை மெல்ல அமிலமாக்கும். வாரக்கணக்கு ஆகும். அவசரப்பட்டு மறுபடி போடாதீர்கள்.

பழைய இலை முழுதாக மஞ்சளாகி உதிர்கிறது

நுனிக் கொழுந்து நன்றாக இருந்து, கீழே இருக்கிற பழைய இலை மட்டும் ஒன்றிரண்டாக மஞ்சளாகி விழுந்தால் கவலை வேண்டாம், முதிர்ந்த இலை உதிர்வது இயல்பு. மொத்தச் செடியும் வெளிறிப்போய் கீழ் இலை சாரிசாரியாக உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை. அமோனியம் சல்பேட் ஐந்து லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி, மாதம் ஒரு தடவை, ஈர மண்ணில் மட்டும். நைட்ரேட் உரங்கள் இதற்கு ஒத்துவராது. ஆட்டுப்புழுக்கை, கோழி எரு பக்கமே போகாதீர்கள்.

இலை நுனியும் ஓரமும் காப்பிப்பொடி நிறத்தில் கருகுகிறது

இரண்டு காரணம், உப்பு அல்லது காற்று. எது என்று கண்டுபிடிக்க உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதே பாதிச் சோதனை.

ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கம் என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். ஆயிரக்கணக்கில் காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்கு இலையிலிருந்து ஈரம் போகிற வேகத்தில் வேரால் தண்ணீர் கொடுக்க முடியாது. காற்று வருகிற பக்கத்து இலைகள் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையாக நின்றால் முடிவு தெளிவு. மதிலுக்கு மறைவில் கிழக்குப் பார்த்து வையுங்கள். சுற்றிலும் இலை அடர்ந்த வேறு சட்டிகளை நெருக்கி வைத்தாலே பாதி சரியாகும்.

எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கருகினால் உப்பு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலையோரத்தில் இருப்பவர்களுக்கும் உப்பு வருகிறது, எங்கிருந்து தெரியுமா? வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம், அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்குத் திருப்பிவிடுகிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதைத் தென்னை மூட்டுக்கு விடுங்கள்.

இரண்டாவது வழி நார்த்தூள். நமக்குக் கதம்பைக்கு, அதாவது தேங்காய் உரிமட்டைக்கு, பஞ்சமில்லை, நார் உரிக்கிற இடங்களில் தூள் மலைபோல் கிடக்கும், நேராக அள்ளிவந்து சட்டியை நிரப்பிவிடுவோம். உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பையின் தூளில் உப்பு அப்படியே இருக்கும். சாக்கில் கட்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, குறைந்தது மூன்று தடவை. நாக்கில் வைத்துப் பார்த்தாலும் தெரியும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் பிழிந்த தண்ணீரில் பாருங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே கிடந்து நனைந்த பழைய தூள் என்றால் இந்த வேலை மிச்சம்.

கருகிய இலை பச்சையாகத் திரும்பாது, அதை எதிர்பார்க்காதீர்கள். சட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி அடியோட்டை வழியாக ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள், ஒரு மாதம் உரம் நிறுத்துங்கள், அடுத்த கொழுந்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மழைநீருக்கு எங்கே போவது

இது அறிகுறி இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு, தமிழ்நாட்டில் இந்தப் பாக்கியம் நிறைய மாவட்டத்துக்குக் கிடையாது. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது போட்ட குழாய் பல வீட்டில் இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது, அதன் வாயில் ஒரு நீல டிரம்மை வையுங்கள். ஓட்டுக்கூரை என்றால் உத்தமம். காங்கிரீட் மாடி என்றால் முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், தளத்தின் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு வரும், நல்லதாக இரண்டு மழை பெய்தபிறகு பிடியுங்கள். கொசுவலை கட்டி மூடுவதை மறக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் டிரம் காய்ந்துவிட்டால் ஏ.சி. வெளியே சொட்டுகிற தண்ணீர் கைகொடுக்கும், அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது. அதுவும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரில் எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, மீன்கடைச் சொட்டு மருந்தில் ஐந்தரை காட்டும்போது நிறுத்துங்கள். இது பி.எச்.சைத்தான் குறைக்கும், கரிக்கிற தண்ணீரின் உப்பைக் குறைக்காது.

மொத்தச் செடியும் தலை தொங்கிவிட்டது

மைனி கேட்ட கேள்வி. பதில் சொல்வதற்கு முன் சட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்கிறதா, தக்கைபோல் இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், காரணம் இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

தக்கைபோல் இருந்தால் காய்ந்துவிட்டது. இதில் ஒரு ஏமாற்று உண்டு: நர்சரியில் பீட் என்கிற மக்கிய பாசிக் கலவையில் வளர்த்த செடி என்றால், அந்தக் கலவை ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து அடியோட்டையில் வந்துவிடும், நாம் நனைந்துவிட்டது என்று நினைப்போம், நடுப்பந்து எலும்புபோல் காய்ந்து கிடக்கும். மலையிலிருந்து பஸ்ஸில் ஒரு இரவு முழுக்க வருகிற செடிக்கு இதுதான் நடக்கிறது. ஒரு வாளி மழைநீரில் சட்டியை விளிம்புவரை அமுக்கி வையுங்கள், குமிழி வருவது நிற்கிறவரை, அரைமணி நேரம் பிடிக்கும். எடுத்து வடியவிட்டு நிழலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும்.

கனமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகல். மைனியின் செடி இதுதான். மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது, நாம் வாடுகிறதே என்று மேலும் ஊற்றுகிறோம். செடியைச் சட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேர் நுனி வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ இருந்தால் பிழைக்கும். கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் பைட்டோப்தோரா என்கிற வேரழுகல் கிருமி உள்ளே வந்துவிட்டது. மூட்டில் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சைக்குப் பதில் செம்பழுப்பு தெரியும். ரப்பருக்கும் நல்லமிளகுக்கும் சீக்கு கொண்டுவருகிற அதே பேரினம்தான், இனங்கள் வேறு. நம் மழைக்காலம் அதற்குக் கல்யாண வீடு.

பாதிக்கு மேல் வேர் கறுத்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிழைப்பது அபூர்வம். பாதிக்குக் குறைவு என்றால் கறுத்ததை வெட்டி எறியுங்கள், அதே அளவுக்கு மேலே கிளையையும் குறையுங்கள், பழைய மண் ஒட்டாமல் புதிய கலவையில் நடுங்கள். மெட்டலாக்சில் கலந்த மருந்து உரக்கடையில் கிடைக்கும், பாக்கெட்டில் உள்ள அளவுப்படி மூட்டில் ஊற்றலாம், ஆனால் அது நோயைக் கட்டிப்போடுமே தவிரச் செத்த வேரை எழுப்பாது. டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சை வருமுன் காக்கத்தான், வந்தபின் ஊற்றிப் பயனில்லை.

கலவை எப்படி என்று கேட்பீர்கள். நான் போடுவது: கழுவின கதம்பைத் தூள் இரண்டு பங்கு, விரல்நுனி அளவுக்கு வெட்டி ஊறவைத்த கதம்பைத் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கின இலைமக்கு ஒரு பங்கு, சல்லடையில் நின்ற சரல்கல் அரைப் பங்கு. தனிச் செம்மண்ணை மட்டும் போட்டால் பி.எச். சரியாகத்தான் இருக்கும், மழை பெய்தால் களிபோல் இறுகி வேர் மூச்சு முட்டும். செடியை ஆழமாகப் புதைக்காதீர்கள், பழைய மண்மட்டம் புதிய மண்ணுக்கு அரை அங்குலம் மேலே தெரிய வேண்டும். மேலே சவுக்கு ஊசியிலைச் சருகைப் பரப்பினால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குவது கூடவே கூடாது.

காலையில் நிமிர்ந்து, மத்தியானம் தொங்கி, ராத்திரி மறுபடி நிமிர்ந்தால் அது சூடு, வேறொன்றுமில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இருந்தால் வேர் அவிந்துபோகும். மண்சட்டியைப் பெரிய மண்சட்டிக்குள் வைத்து இடைவெளியில் மணல் நிரப்பி அந்த மணலை நனைத்துக்கொண்டே இருங்கள், பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான். வெயில் காலை ஒன்பது மணிவரை போதும், அப்புறம் பலா நிழலோ கிழக்கு வராந்தாவோ. தென்னைக்குக் கீழே வைத்து மட்டை விழுந்து போனதை நான் எந்த அறிகுறியில் சேர்ப்பது?

இலை நன்றாக இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது

இந்தப் பத்தியை எழுதத்தான் எனக்குச் சங்கடம். வெட்டின நேரம் தப்பாக இருக்கலாம். பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும், அதற்குப் பிறகு வரும் கிளை நுனியில்தான் அடுத்த மொட்டு உருவாகும், மூன்று நான்கு மாதம் கழித்து வெட்டினால் மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். இருட்டான மூலையில் வைத்திருக்கலாம். தழைச்சத்து அதிகம் போட்டிருக்கலாம்.

இது எதுவும் இல்லையென்றால் காரணம் குளிர். மொட்டு உருவாவதற்கு வெதுவெதுப்பு போதும், ஆனால் உருவான மொட்டு தூக்கம் கலைந்து ஒருசேர மலர, பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் சில வாரங்கள் இருக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு, ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், அங்கே அது சும்மா கிடைக்கிறது. நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட இருபதுக்குக் கீழே போனால் ஸ்வெட்டர் எடுப்போம். ஆகவே நீங்கள் வாங்கிவந்தபோது இருந்த பூ அந்த மலை கொடுத்த பூ. இங்கே தை, மாசியில் நாலைந்து பூ விட்டுவிட்டு வந்தால் அதுவே வெற்றி, என் மண்சட்டிச் செடியில் ஒரு வருஷம் பதினொன்று வந்தது, எண்ணினேன். மாறாமலை, பாலமோர் எஸ்டேட் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கார்த்திகையில் கொண்டுவிட்டுத் தையில் எடுத்துவரலாம், நம் ஊரை ஒப்பிட்டால் அங்கே குளிர்ச்சிதான். பிரிட்ஜில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். மீன் வைக்க இடம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன்.

மொட்டு வந்து, பழுப்பாகிக் காய்ந்து, விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் சட்டி காய்ந்திருக்கிறது. மொட்டோடு இருக்கும் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் இதுதான்.

இலையில் ஊசி குத்தினதுபோல் வெளிறிய புள்ளிகள்

சிலந்திப்பேன். கோடையில், காற்றோட்டமில்லாத வராந்தாவில் வரும். வெள்ளைத்தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள், தாளில் மிளகாய்ப்பொடி நகர்ந்தால் அதுதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலுடன், சாயங்காலம். நனைகிற கந்தகம் அடிப்பவர்கள் வேப்பெண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள்ளும், உச்சி வெயில் காலத்திலும் அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும்.

மாவுப்பூச்சி வந்தால் கூடவே எறும்பு இருக்கும், எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி போகாது. இலை அப்பளம்போல் தடித்து வீங்கினால் அது எக்சோபாசிடியம் என்கிற பூஞ்சை, மேலே வெள்ளை மாவு பூப்பதற்குள் கிள்ளிக் குப்பையில் போட்டுவிடுங்கள், மருந்து தேவையில்லை. மழையில் பூ சளசளவென்று அழுகினால் மழைபடாத இடத்துக்கு மாற்றுங்கள், விழுந்த பூவைச் சட்டியில் விடாமல் பொறுக்குங்கள்.

காட்டுப்பூவரசை வேரோடு கொண்டுவந்தேன், பட்டுப்போய்விட்டது

இதற்கு என்னிடம் வழி இல்லை, கோபம்தான் இருக்கிறது. சோலை ஓரத்தில் நிற்கிற மரத்தைக் காட்டிலிருந்து பிடுங்குவது வனக்குற்றம், அது ஒரு பக்கம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துப் பனியில் வளர்ந்த, வேரில் தன் ஊர்ப் பூஞ்சையோடு வாழ்ந்த கன்றைப் பிடுங்கிக் கடலோரத்தில் வைத்தால் அது பிழைக்காது. அதைத் தை, மாசியில் தொட்டபெட்டாவில் போய்ப் பாருங்கள்.

ஆடு தின்றுவிட்டது

சிரிக்காதீர்கள், உயிர் போகிற விஷயம். இந்தக் குடும்பத்தின் ரோடோடென்ட்ரான்களில் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு, இலையிலும் பூவிலும் தேனிலும் இருக்கும். சில நாடுகளில் இந்தப் பூக்களின் தேனைச் சாப்பிட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மார்த்தாண்டம் தேன்காரர்கள் பயப்பட வேண்டாம், வராந்தாவில் நிற்கிற ஒன்றிரண்டு சட்டியால் ரப்பர்த் தேன் கெட்டுவிடாது. ஆனால் மதிலுக்கு மேலே தலை நீட்டுகிற ஆட்டுக்கு இரண்டு கைப்பிடி இலையே ஆபத்து. சில மணி நேரத்தில் எச்சில் வடியும், பல்லைக் கடிக்கும், ஆடு வாந்தி எடுப்பதே அரிது, இதில் எடுக்கும், கால் தள்ளாடும், நாடித்துடிப்பு மெதுவாகும். எண்ணெய், புளிக்கரைசல் என்று வாயில் ஊற்றாதீர்கள், வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். தின்ற கிளையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள், என்ன செடி என்று தெரிந்தால்தான் அவர் சரியாகப் பார்க்க முடியும். வீட்டுக் குழந்தைக்கும் நாய்க்கும் இதே எச்சரிக்கை.

செத்துவிட்டதா என்று தெரியவில்லை

கிளை நுனியிலிருந்து தொடங்கி நகத்தால் பட்டையைச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டி நிழலில் வையுங்கள், ஒன்றரை மாதம் பொறுங்கள். மூடுவரை பழுப்பு என்றால் முடிந்தது. வேர் அழுகிச் செத்ததென்றால் அந்தக் கலவையை நல்லமிளகுக் கொடி மூட்டிலோ பட்டர்புரூட் மரத்தடியிலோ கொட்டிவிடாதீர்கள், குப்பைக்குத்தான். சட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மைனி அந்தச் சட்டியில் இப்போது செம்பருத்தி வைத்திருக்கிறார், அதற்கு எத்தனை கப்பு விட்டாலும் கேட்பதில்லை.